தாழ்ப்பாள் அசையும் இடம்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்பாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? மருந்தைக் குடிக்கிறாரா, இல்லை வழக்கம்போல் நீ அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே ஊற்றுகிறாரா?

இங்கே என் மானம் கப்பலேறிவிட்டது. கல்லூரியில் கடைசி வருடப் படத்துக்காக ஒத்திகை மாதிரி கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். கதை சின்னதுதான். ஒரு பெண் வீட்டில் தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். யாரோ மாடிப்படி ஏறி வருகிறார்கள். வந்து கதவைத் தட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிட வேண்டும். எங்கள் எடிட்டிங் ஆசிரியர் இருக்கிறாரே, நாங்கள் ‘கத்தரி’ என்று கூப்பிடுகிறவர், அவர் பாதியிலேயே மெஷினை நிறுத்திவிட்டார். “பயம் எங்கம்மா? எனக்குக் கொட்டாவிதான் வருது” என்றார். வகுப்பே சிரித்தது.

அவளையும் வருகிறவனையும் ஒரே ஷாட்டில் காட்டியதுதான் தப்பாம். எல்லாவற்றையும் எடுத்தவுடனே கொட்டிவிட்டால் அப்புறம் எதற்காகக் காத்திருப்பது என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார், அதுதான் இன்னும் எரிச்சல்.

அக்டோபர் கடைசியில் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். எடுத்தவர் நேரில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் வருடம் போச்சு. அப்பாவிடம் கொட்டாவி விஷயத்தை மட்டும் சொல்லாதே.

உன் தங்கை

ஜூன் 27

அன்புள்ள வாலு,

இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் அப்பாவும் நானும் வேனும். வேனுக்கு மட்டும் கிளட்ச்சில் கொஞ்சம் கோளாறு. அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை. பஞ்சு மில்லில் அத்தனை வருஷம் இருந்தவர் இருமாமல் பாடவா செய்வார்?

கொட்டாவி விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. “கொட்டாவி வந்தா என்ன, முழுசா உக்காந்து பாத்தாரா இல்லையா?” என்று கேட்டார். பாதியில் நிறுத்தியதைச் சொல்லவில்லை.

நீ சொல்லும் பதைபதைப்பு எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பார். பிள்ளைகள் கத்திக்கொண்டு வரும்வரை கவலை இல்லை. பின் சீட்டில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை என்றால் என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். திரும்பிப் பார்க்கவும் முடியாது, கை ஸ்டியரிங்கில் இருக்கும். நேற்று அப்படித்தான். ஒருத்தன் இன்னொருத்தியின் ஜடையைச் சீட்டுக் கம்பியில் முடிந்து வைத்திருந்தான்.

லீவுக்கு வர நினைத்திருப்பாய். வேண்டாம். போக வர அலைச்சல்தான் மிச்சம். இருந்து வேலையைப் பார். விடுதி போனுக்காக வரிசையில் நிற்காதே, கடிதமே போதும்.

அக்கா

ஜூலை 2

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? உங்கள் இடுப்பு வலி தேவலையா?

உங்களிடம் மட்டும் உண்மையை எழுதுகிறேன். அப்பாவுக்கு நுரையீரல் இறுகிப்போய்விட்டது. பஞ்சுத் தூசி. “இந்த வருஷத்தைத் தாண்டினா பெரிசும்மா” என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அப்பா கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

பின்னறையில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம். அதோடு தண்ணீர் ஊற்றிய ஒரு குப்பி. காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழியிட்டு, குழாய் வழியே அவர் மூக்குக்குப் போகிறது. பகலும் இரவும் களக் களக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

சின்னவளுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். அம்மா போனபோது படித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்தவள்தானே அவள். மறுபடி எழுப்பிப் படிக்க அனுப்ப வருஷங்கள் ஆயின. “ரெண்டாவது தடவையும் எங்களால அவ படிப்பு கெடக் கூடாது. படத்தை முடிக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்க வெகு நேரம் ஆயிற்று.

பொய் எழுத எனக்கு வரவில்லை, மாமா. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்களேன்.

உங்கள் மருமகள்

ஜூலை 19

அன்பு மருமகளுக்கு ஆசிகள்.

இங்கு எல்லாரும் சுகம், என் இடுப்பு நீங்கலாக. உன் கடிதம் பார்த்து அத்தை அழுதாள். நானும் சரியாகச் சாப்பிடவில்லை. உடனே புறப்படத்தான் நினைத்தேன். டயர் கடையில் வேலைக்கு ஆள் நிற்க மாட்டேன் என்கிறது. இருந்த ஒருவனும் போன வாரம் கம்பி நீட்டிவிட்டான். அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன்.

மச்சான் ஒன்று சொன்னால் சொன்னதுதான், உனக்கே தெரியும். அவர் சொன்னபடியே செய். சின்னவளிடம் வாயைத் திறக்காதே. தைரியமாக இரு.

மாமா

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூட நேரமில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். அப்பா எப்படி இருக்கிறார்?

எனக்கு இப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது. பார்க்கிறவனுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். படத்தில் இருப்பவளுக்குச் சொல்லக் கூடாது. அவள் முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவுகிறாள். அவளுக்குப் பின்னால், கேமராவுக்குப் பக்கத்தில், கதவின் தாழ்ப்பாள் லேசாக அசைகிறது. நாம் பார்த்துவிட்டோம், அவள் பார்க்கவில்லை. உடனே ஷாட்டை வெட்டி, அவள் கை. சோப்பு நுரை. ஒரு டம்ளர். மறுபடி தாழ்ப்பாள். மறுபடி கை. ஒவ்வொரு தடவையும் கையின் ஷாட்டைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டே போகிறேன். ‘அடியே, திரும்பிப் பாரேன்!’ என்று கத்தத் தோன்றும். ஆனால் கத்தினால் அவளுக்குக் கேட்காதே!

வருகிறவனின் முகத்தைக் காட்டப்போவதே இல்லை. கேமராவைப் படிக்கட்டுத் தரையிலேயே வைத்து, செருப்புக் காலை மட்டும் எடுத்தாயிற்று.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். அந்தச் சமையலறைக்கு ஆளில்லாத வீட்டின் சத்தம் வேண்டும். எந்த வீடும் முழு அமைதியாக இருக்காது. அமைதிக்கும் ஒரு சத்தம் உண்டு. இங்கே எங்கே பதிவு செய்தாலும் யாராவது பாடுகிறார்கள். தெருச் சத்தம் வராதது நம் வீட்டுப் பின்னறைதான். அப்பா பகலில் தூங்கும்போது டேப் ரெக்கார்டரை அலமாரி மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிடு. ஒரு பக்கம் முழுக்க ஓடட்டும்.

தங்கை

ஆகஸ்ட் 14

அன்புள்ள வாலு,

நலம். அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

கேசட் இத்துடன் பார்சலில் வருகிறது. தாமதத்துக்குத் திட்டாதே. இங்கே ஒரு வேலைக்கு ஒன்பது வேலை முளைக்கிறது. அப்பா மதியம் கண்ணயர்ந்தபோது நீ சொன்னபடியே வைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கியும் போனேன். கேசட் முடிந்து பட்டன் டக்கென்று எழும்பியபோதுதான் விழித்தேன்.

கொஞ்சம் போட்டுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சுத்தமான அமைதி. இதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் படிப்பே அப்படித்தான்.

அந்தப் பெண் கடைசியில் கதவைத் திறப்பாளா என்று அப்பா கேட்கிறார். எழுது.

அக்கா

ஆகஸ்ட் 30

என் தங்க அக்காவுக்கு,

சௌக்கியமா? அப்பா சௌக்கியமா? இரண்டு பேருக்கும் இங்கிருந்தே ஒரு கும்பிடு!

அமைதி என்றா எழுதினாய்? உன் காதில் பஞ்சா? கேசட் முழுக்கக் களக் களக் என்று என்ன அருமையான சத்தம்! தண்ணீருக்குள் குமிழி வருகிற மாதிரி. மீன் தொட்டி வாங்கினீர்களா? என்னிடம் சொல்லவே இல்லையே, கள்ளி!

அதை எடுத்து அந்தச் சமையலறைக் காட்சி முழுக்க அடியில் ஓடவிட்டேன். முதலில் காதில் விழும், அப்புறம் பழகிவிடும், யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். தாழ்ப்பாள் கடைசியாக அசையும் இடத்தில் அந்தச் சத்தத்தை வெட்டி நிறுத்திவிட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. இசை இல்லை, அலறல் இல்லை. சத்தம் நின்றது, அவ்வளவுதான். வகுப்பில் ஒருத்தர்கூட அசையவில்லை. கத்தரி எழுந்து விளக்கைப் போட்டார். “இது எப்படித் தோணிச்சு உனக்கு?” என்று கேட்டார். கொட்டாவி விட்ட அதே மனிதர்!

கதவு திறக்குமா இல்லையா என்பதை அப்பாவிடம் சொல்ல மாட்டேன். காத்திருக்கட்டும். மீன் என்ன நிறம்?

தங்கை

செப்டம்பர் 16

அன்புள்ள வாலு,

நலம்.

ஆமாம், மீன் தொட்டிதான். அப்பா ஆசைப்பட்டார். இரண்டு மீன்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சிவப்பு சோம்பேறி, ஒரு மூலையிலேயே கிடக்கும்.

ஒன்று கேட்கிறேன், ஏன் என்று கேட்காதே. அந்தச் சத்தத்தைப் படத்தில் நிறுத்தாதே. ஓடட்டும். வேறு ஏதாவது வழி பார்.

அக்கா

அக்டோபர் 10

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுதப் பிடிக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது.

படத்தின் ஒலியைச் சுத்தம் செய்ய, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் கேசட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டேன். முன்பு எனக்கு வேண்டிய துண்டை மட்டும்தான் எடுத்திருந்தேன். முடியப்போகிற இடத்தில், குமிழிகளுக்கு நடுவே ஒரு கரகரப்பு. இருமலை அடக்கும்போது அப்பாவின் தொண்டையில் வருமே, அது. அதன்பின் ஒரு மூச்சு, இழுத்து இழுத்து. மீன் தொட்டி எப்படி அக்கா இருமும்?

பக்கத்தில் இருந்தவளின் அம்மா நர்ஸ். அவளிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், இது ஆக்சிஜன் குப்பியின் சத்தம் என்று சொன்னாள்.

நாற்பது பேரைப் பயமுறுத்த என் அப்பாவின் மூச்சை நான் நிறுத்தியிருக்கிறேன். நிறுத்திவிட்டு உனக்குப் பெருமையாக எழுதியிருக்கிறேன். நீ அதைப் படித்தாய். படித்துவிட்டு மீனுக்கு நிறம் சொன்னாய். பார்க்கிறவனுக்குத் தெரியும், படத்தில் இருப்பவளுக்குத் தெரியாது என்று உனக்குப் பாடம் எடுத்தேனே, அந்தத் தெரியாதவளே நான்தான். உனக்கு ஒருமுறைகூடக் கத்தத் தோன்றவில்லையா?

இதெல்லாம் திட்டிவிட்டு, பழைய கடிதங்களில் நீ என்ன எழுதினாய் என்று தேடிப் படித்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன் என்று எழுதியிருக்கிறாய். ‘பாவம்’ என்றுகூட நான் பதில் எழுதவில்லை. எல்லாக் கடிதத்திலும் அப்பா எப்படி, அப்பா எப்படி என்றுதான் கேட்டிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், அக்கா?

இருபத்தெட்டாம் தேதி படம். இப்போதே ரயில் ஏறிவிடத் தோன்றுகிறது. ஆனால் அப்பா சத்தியம் வாங்கியிருப்பார், நான் வந்து நின்றால் உன்னைத்தான் வறுத்தெடுப்பார். அதனால் உன்னைக் கேட்கிறேன். நீ வா என்றால் வருகிறேன். இரு என்றால் இருக்கிறேன்.

தங்கை

அக்டோபர் 15

அன்புள்ள வாலு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை.

நான் அமைதி என்று எழுதியது பொய் இல்லை. அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதே நின்றுபோய்விட்டது. சிலிண்டர் தீர்ந்து அது நிற்கும்போது மட்டும் கேட்கும். எந்த வேலையில் இருந்தாலும் ஓடுவேன். அதனால்தான் நிறுத்தாதே என்றேன். கத்தத் தோன்றாமல் இருக்குமா? எழுதிக் கிழித்த கடிதங்களை அடுப்பில் போட்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்கும் கோபம் உண்டு. நீ இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு கேள்வி கேட்பது சுலபம். சிலிண்டர்காரர் மாடி ஏற மாட்டேன் என்றால் நான்தான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். அப்பாவுக்கு முகம் துடைத்து, சாப்பாடு கொடுத்து, வேனை எடுத்து, திரும்பி வந்து, மறுபடி வேனை எடுத்து. ஒரு நாள் அழக்கூட நேரம் ஒதுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது எனக்குத் தெரியாது. “அக்கா, தூங்கிட்டீங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குட்டிப்பெண் கேட்டாள். ஆமாம், தூங்கிவிட்டேன். வண்டி நிறையப் பிள்ளைகள். நின்றிருந்தபோது தூங்கியதால் பிழைத்தோம். அன்றைக்கே ஓனரிடம் போய், கொஞ்ச நாளைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்காக வா என்று எழுதினால் அவர் வார்த்தையை மீறியவள் ஆவேன். வந்தால் உன் வருடம் போகும், அதுவும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எனக்காக வா. என்னால் முடியவில்லை.

அக்கா

நவம்பர் 21

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். கடைக்கு ஆள் கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம்.

சின்னவள் வந்து ஒரு மாதம் ஆகிறது. படம் போட்ட அன்று அவள் இங்கே புது சிலிண்டரைச் சாவி போட்டுத் திறந்துகொண்டிருந்தாள். ஆள் நேரில் வராததால் மார்க் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்லி அவள் ஆசிரியர் எழுதியிருக்கிறார். வந்த அன்று நான் படுத்தவள், மறுநாள் மதியம்தான் எழுந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை. அம்மா இருந்தபோது தூங்கியது அப்படி.

அப்பா முதலில் அவளோடு பேசவே இல்லை. என்னோடும்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் ஒரு நாள், “வருஷத்தைத் தொலைச்சு எடுத்த படம், என்னன்னாவது சொல்லித் தொலை” என்றார். ஃபிலிமை வீட்டில் போட்டுக் காட்ட முடியாதாம். அதனால் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சட்டம் மாதிரி பிடித்து, ஷாட் ஷாட்டாகச் சொன்னாள். இங்கே செருப்புக் கால். இங்கே நுரை. இங்கே டம்ளர். தாழ்ப்பாள் கடைசியாக அசையும் இடம் வந்ததும், “மிச்சம் நாளைக்கு” என்று எழுந்துவிட்டாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கழுவ ஒரு புதுப் பாத்திரம் வந்தது. படிக்கட்டில் ஒரு திருப்பம் முளைத்தது. அப்பாவுக்கு அவள் தந்திரம் தெரியாமல் இல்லை. தெரிந்தே, கதை கேட்பதற்காக இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். “டாக்டர் சொன்னதை இவ கதை சொல்லியே தாண்ட வெச்சுடுவா போல” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் மடத்தனமாக நம்பினேன், மாமா. அடுப்படியில் நின்று, இன்னும் இழு, இன்னும் இழு என்று மனதுக்குள் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் அவரால் உட்கார முடியவில்லை. பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வருகிறது. நேற்று மதியம் அவள் வழக்கம்போல் நிறுத்தியபோது, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இழுத்தது போதும்டி வாலு. எனக்கு அசதியா இருக்கு. சொல்லிடு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? தலையாட்டினேன்.

“அவ திரும்பிப் பாத்துட்டாப்பா. போய்க் கதவைத் திறந்தா. வெளிய அவ அக்கா நின்னுட்டு இருந்தா, சாவியைத் தொலைச்சுட்டு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்ப்பா.”

“இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்றார். சிரிக்கப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம்வரை தூங்கினார், அவ்வளவு நிம்மதியாக அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுப்படிக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். படத்தில் கதவு திறக்கவே இல்லையாம். அப்பாவுக்காக அந்த நிமிடத்தில் திறந்திருக்கிறாள்.

டாக்டர் இன்று காலை வந்து பார்த்தார். மருந்து எதையும் மாற்றவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. நீங்கள் அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜூலையிலும் அதையேதான் எழுதினீர்கள். குறை சொல்லவில்லை, எல்லாரும் தள்ளித்தான் போட்டோம். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே, கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டு வாருங்கள், மாமா.

உங்கள் மருமகள்